மே மாதத்தில் ஹீட்டர்

தாழையூத்து தாண்டியதும் முள் ஏறத் தொடங்கியது.
சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே வந்து நின்று
என்னைப் பார்த்தது.

பின் சீட்டில் அறுபத்திரண்டு பள்ளிச் சட்டைகள்.
பத்து மணிக்குக் கயத்தாற்றில் கொடுக்க வேண்டும்.
பக்கத்தில் ஞானப்பூ மைனி, மடியில் பட்டன் டப்பா.
"மைனி, கண்ணாடியை முழுக்க இறக்குங்க" என்றேன்.
பிறகு ஹீட்டரைப் போட்டேன்,
கடைசிப் புள்ளிவரை தள்ளி.

இந்த மாருதியில் ஏ.சி. செத்து ஆறு வருஷம்.
ஹார்ன், நினைத்தால் அடிக்கும்.
ஹீட்டர் மட்டும் வாங்கிய நாளிலிருந்து பழுதில்லை;
திருநெல்வேலியில் அதற்கு யார் வேலை கொடுத்தார்கள்?

"ஏளா, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?
கத்திரி வெயில்ல அடுப்பைப் பத்தவைக்கியே!"

விளக்க நேரமில்லை.
என்ஜின் சூட்டில் கொஞ்சத்தை நாங்கள் வாங்கிக்கொண்டால்
மீதியோடு அது கங்கைகொண்டான் போய்ச் சேரும்.
முழங்காலில் அனல். செருப்புக்குள் அனல்.
மைனியின் பவுடர் வழிந்து
சங்கிலிக் கண்ணிகளில் வெள்ளையாய் நின்றது.
முள் யோசித்தது.
ஒரு மயிரிழை இறங்கியது.

மைதீன் பிச்சை போன வாரமே சொல்லிவிட்டார்:
"ரேடியேட்டர் மாத்தணும்க்கா. நாலாயிரத்து இருநூறு."
ஒரு சட்டைக்கு என் கையில் நிற்பது நாற்பத்தைந்து.
தொண்ணூற்று மூன்று சட்டையும் ஒரு கையும் தைக்க வேண்டும்
அந்தத் தகரத்துக்கு.

ஆகவே டாஷ்போர்டுக்குள் என் பட்டறை.
பிளக் கரியைச் சுரண்ட உப்புத்தாள்,
இடைவெளி பார்க்க உடைந்த ஆக்சா பிளேடு.
கண்ணாடி ஏறுகிற பள்ளத்தில் தேய்க்க
போன கிறிஸ்துமஸில் மிஞ்சிய மெழுகுவர்த்தி.
பேட்டரி முனையில் பச்சை பூத்தால் வெந்நீர்,
துடைத்துக் காயவிட்டு மேலே வாசலின்.
முகப்பு விளக்கு மங்கினால் பற்பசை
(அன்று வீட்டில் பல்லுக்கு உப்புதான்).
டேங்க் கசிந்தால் அப்ப அரைத் துண்டுச் சோப்பு.
எல்லாம் பலித்தது என்று சொல்லமாட்டேன்.
ரேடியேட்டருக்குள் ஒருமுறை
முட்டை வெள்ளைக்கரு ஊற்றிப் பார்த்தேன்;
ஒரு மாதம் வண்டி ஆம்லெட் வாசத்தோடு ஓடியது,
ஒழுகிக்கொண்டே.

கங்கைகொண்டானில் உடைமர நிழலில் நிறுத்தினேன்.
மைனி மூடியைத் திறக்கப் போனாள்.
"தொடாதிய, தோலு உரிஞ்சிரும்."
அரை மணி நேரம் பட்டன் எண்ணினோம்.
சிமெண்ட் லாரிகள் எங்கள்மேல் வெள்ளையடித்துப் போயின.

பெட்டிக்கடையில் மஞ்சள்தூள், பத்து ரூபாய்ப் பொட்டலம் இரண்டு.
"என்ன விசேஷம்?" என்றாள் கடைக்காரி.
"வண்டிக்கு."
அவள் வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
சில்லறையைத் தந்தாள்.

கரைத்து ஊற்றி என்ஜினை ஓடவிட்டேன்.
நாலு எண்ணுவதற்குள் ஒரு சொட்டு.
பிறகு ஒன்பது எண்ணினால் ஒன்று.
பிறகு நாங்கள் முப்பதுவரை எண்ணினோம்,
மைனி உதட்டுக்குள், நான் சத்தமாக.

அந்தச் சந்தோஷத்தில் கையைத் துடைக்காமல்
பின்கதவைத் திறந்துவிட்டேன்.
மேல் சட்டையின் தோளில் நாலு விரல், மஞ்சளாய்.

இருந்தது டேங்க் சோப்புதான். தேய்த்தேன்.
மஞ்சள் சிவந்தது.
"ஏ ஆண்டவரே, ரத்தம்லா!"
"மஞ்சள்ல சோப்பு பட்டா அப்படித்தான் மைனி.
வெயில் காட்டினா போயிரும்."

வெயிலுக்கா பஞ்சம்.
மைனி ஜன்னலுக்கு வெளியே சட்டையை நீட்டிப் பிடித்தாள்.
இரண்டாம் கியர், மூன்றாம் கியர்.
காற்றாலைகள் தெரியத் தொடங்கிய இடத்தில்
சட்டைக்குள் காற்று புகுந்து
எட்டு வயதுக்குச் சதை வைத்தது.
மைனி அதன் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

நான் ஹீட்டரை அணைக்கவில்லை.