பதினேழாவது தடவை

காடோரே மலையடியில் பனி இன்னும் விடவில்லை.
நெரீனா வெற்றிட அறையின் கதவைத் திறக்கிறாள்:
நாற்பது ஃபிரேம்கள், பாதரசம் குடித்தவை போல.

அழகுதான்.
ஆனால் பிளாஸ்டிக்குக்கு உள்ளுக்குள் வியர்க்கும்,
குரோமுக்கு வளையத் தெரியாது.
முகம் கொடுத்துப் பேசாத சம்பந்திகள்;
நடுவில் தூது போக ஒரு பூச்சு அரக்கு.

காதுத்தண்டைச் சூடுகாட்டி வளைத்தாள்.
கீலருகே மயிரிழையாய்ப் பிளந்தது.
டேப் ஒட்டி
வெடுக்கென்று இழுத்தாள்:
ஃபிரேம் கறுப்பாக நின்றது,
டேப்போடு போனது கண்ணாடி.

பதினேழு என்று எழுதினாள்.
காரணம் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.
மிலானிலிருந்து தொலைபேசி:
வெள்ளிக்கிழமை கிடைத்துவிடுமா?

அந்த டேப்பைக் கசக்கவில்லை.
மேசை விளிம்பில் ஒட்டி,
அதில் பார்த்துப்
பல்லிடுக்குக் கீரையை எடுத்தாள்.