புல எண் 318

ஆனி இருபதுக்கு மேல்
தேரிக்குள் யாரும் அளக்கப் போவதில்லை.
தாசில்தார் போகச் சொன்னார்.
லிங்கத்துரையின் மனு மூன்றாவது தடவை வந்துவிட்டது.

திசையன்விளையில் இறங்கும்போதே
பேருந்தின் மேற்குப்பக்க ஷட்டர் எல்லாம் மூடியிருந்தது.
டீக்கடைக்காரர் டம்ளரை
உள்ளங்கையால் மூடித் தந்தார்.

புலப்படத்தில் ஒரு பனை இருக்கிறது.
நேரில் அதன் தலை மட்டும்.
முப்பதடி மரத்தின் உச்சியில்
ஏறாமலே உட்கார்ந்து
நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.
மறுநுனியோடு நடந்த தலையாரி இசக்கிப்பாண்டி
சிவப்புக்குள் மறைந்தார்.
"எம்புட்டு சார்?" என்றது குரல்
அவர் போகாத திசையிலிருந்து.

மேற்கே லிங்கத்துரையின் விளை.
கொல்லாமரங்கள் வேரை வெளியே விட்டு
நுனிக்காலில் நிற்கின்றன.
கிழக்கே ஞானபுஷ்பத்தின் விளை.
கிணற்றின் துலாக்கல் தெரிகிறது,
கிணறு தெரியவில்லை.

"எம் மண்ணு சார். ரெண்டு வருசம் கிடை போட்ட மண்ணு.
அவ நெலத்துல கெடக்கு. அள்ளித் தரச் சொல்லுங்க."

"அள்ளட்டும், நான் வேண்டாங்கல.
கெடந்த நாளைக்கு வாடகை வச்சிட்டு அள்ளட்டும்.
எங் கெணறு அடியில மூச்சுமுட்டிக் கெடக்கு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் எல்லைக்கல்லைத் தேடினேன்.
கல் நகராது, அதுதான் துறையின் நம்பிக்கை.
தோண்டத் தோண்ட
பின்னாலேயே நிரப்பிக்கொண்டு வந்தது காற்று,
கூலி கேட்காத ஆள்.
ஐந்தாவது அடியில் கடப்பாரை ணங்கென்றது.
எல்லாரும் குனிந்தோம்.

அம்மி.

நடுவில் தேய்ந்த, யாரோ அரைத்த அம்மி.
அதை மட்டும்
இரண்டு பேருமே தன்னுடையது என்று சொல்லவில்லை.

தென்மேற்கே புழுதி விலகிய ஒரு நொடி
காற்றாலைகள் தெரிந்தன.
அங்கே இதே காற்றை
யூனிட் யூனிட்டாக எண்ணி எழுதிக்கொள்கிறார்கள்.
என் படிவம் வேறு மாதிரி கேட்கிறது.

ஆக்கிரமிப்பாளர் பெயர்: கச்சான்.
இருப்பிடம்: ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம்.
தந்தை பெயர்.
அதைக் காலியாக விட்டேன்.
ஆக்கிரமித்த பரப்பு என்று எழுதத் தொடங்கும்போதே
அது கூடிக்கொண்டிருந்தது.
பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு
'கல் கிடைக்கவில்லை, ஐப்பசியில் மறு அளவை' என்று எழுதினேன்.

மதியம் அடித்த குச்சிகளை
மூன்று மணிக்குக் காணோம்.
ஞானபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு
மேற்கு ஓரமாக உடைமுள் வெட்டி நட்டுக்கொண்டிருந்தாள்.
லிங்கத்துரை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
அவளுக்கு அரிவாளைத் தீட்டிக் கொடுத்தான்.
பேசவில்லை.

ஷூவைக் கழற்றினேன்.
இரண்டிலும் கணுக்கால் மட்டும் தேரி.
எந்தப் பக்கம் கொட்டுவது?
இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கொட்டாமலே மாட்டிக்கொண்டு
ராதாபுரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.