கள்ளந்திரிக்குக் கீழே

பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம்.
அதற்குக் கீழே ஒருபோகம்,
அதுவும் அணையில் மிச்சமிருந்தால்.
நாங்கள் கீழே.

வடபழஞ்சியில், கண்ணாடிக் கட்டடத்து மூன்றாம் மாடியில்
எனக்குச் சோறு போடுவது
முறைத்தண்ணீர் நேரத்தைக் கைப்பேசிக்கு அனுப்பும் செயலி.
அது குடிப்பது இன்னொருவர் எழுதிய நிரலை;
அவருடையது குடிப்பது மற்றொருவருடையதை.
அப்ஸ்ட்ரீம் என்கிறோம். தலைமடை என்றால்
மீட்டிங்கில் சிரிக்கிறார்கள்.

ஆவணியில் ஒரு நாள் பூவலிங்கம் கூப்பிட்டார்,
புலிப்பட்டிக்கு அந்தண்டையிலிருந்து:
"ஏம்மா, நாலரைக்குத் தெறக்குற மடைய
நாலுன்னு சொல்லுது ஒங்க போனு.
அரைமணி மம்பட்டியோட நின்னேன்,
பாம்புக்குப் பேச்சுத்தொணையா."

தேடிப் போனேன், நிரலுக்குள் நிரலாக,
ஏழு மதகு தாண்டி மேலே.
எல்லா நாட்டு நேரமும் முழுமணிக் கணக்குதான் என்று
யாரோ ஒரு தலைமடைக்காரர் நம்பியிருந்தார்.
எங்கள் ஐந்தரையில் அரையை வெட்டி எறிந்திருந்தார்,
கோபமில்லாமல், பார்க்காமல்.

இரண்டு வரித் திருத்தம். மேலே அனுப்பினேன்.
ஆற்றில் மேலே ஏறுவது மனு மட்டும்தான்,
இங்கே திருத்தமே ஏறும் என்று
ஜெசிந்தாவிடம் பெருமையடித்தேன்.
"ஏறும்க்கா. ஏறி அங்ஙனக்குள்ளயே உக்காந்திருக்கும்."
நாற்பத்தொரு நாள் உட்கார்ந்திருந்தது.
வீட்டு இணையமும் அப்படித்தான்:
இறங்க அகலக் கால்வாய், ஏற ஊசித்துளை.

பொறுக்காமல் கரையை வெட்டினேன்.
நகலெடுத்து, திருத்தி, எனக்கென்று ஓர் ஓடை.
பூவலிங்கத்துக்கு நேரம் சரியாயிற்று.
ஆனால் மேலிருந்து புதுப்பதிப்பு இறங்கும்போதெல்லாம்
வெட்டிய இடம் தூர்ந்துபோகும்.
மறுபடி மம்பட்டி.

நேற்று இரவு, நறுக்கென்று நாலு வார்த்தை எழுத
அவர் முகவரி தேடிப் பழைய மின்னஞ்சலைத் திறந்தால்
படிக்காத கடிதம் ஒன்று.
வேலை தேடிய நாட்களில் நான் எழுதிப்போட்ட
சிறு நிரலைப் பற்றி; எண்ணைத் தமிழ்ச் சொல்லாக்குவது.
இருக்கிறதென்பதே மறந்திருந்தேன்.
மட்டக்களப்பிலிருந்து சிவதர்சினி என்றொருத்தி:
"தொன்னூறு என்று வருகிறது. தொண்ணூறு அல்லவா?
எங்கள் சங்கத்து ரசீதெல்லாம் பிழையாய் அச்சாகிறது.
திருத்தம் இணைத்துள்ளேன். நேரம் கிடைக்கையில் பாருங்கள்."
தேதி, போன மாசி.
அடியில் மூன்று பேர், எங்களுக்கும் என்று.

ஒரு ணகரம். எட்டு மாதம்.
அந்த ஊர் வாய்க்கால் எப்படி ஓடும், தெரியாது.
என்னை என்ன சொல்லித் திட்டியிருப்பார்கள் என்பது
ஓரளவு தெரியும்,
என் வாயில் தயாராக இருந்த அதே நாலு வார்த்தை.

துருவேறிய திருகு லேசில் சுற்றவில்லை.
கடவுச்சொல் மறந்துபோய், பழைய சிம் தேடி,
மன்னிப்பை எழுதி அழித்து, மறுபடி எழுதி,
திறந்துவிட்டபோது மணி நாலரை.

என் இரண்டு வரி இன்னும் மேலேதான் நிற்கிறது.
மட்டக்களப்பிலும் இப்போது நாலரை.
அவர்களுக்கும் அதே அரை.