நாற்றம் நின்றால்

மீட்டர் அறைக் கதவில் சிவப்பு பெயின்ட்டில்
யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள்:
நாற்றம் அடித்தால் சொல்.
நாற்றம் நின்றால் ஓடு.
புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள்.
கொடுங்கையூரில் நாற்றம் நிற்பதாவது!

அழுகிய முட்டை வாடை கொஞ்சமாக இருக்கும்வரை
மூக்கு வேலை செய்யும்.
கூடிப்போனால்
அது முதலில் மூக்கைத்தான் கொல்லும்.
அப்புறம் கழுவிவிட்ட அறைபோல இருக்கும் காற்று,
அதற்கப்புறம் நீ இருக்கமாட்டாய்.

மேட்டின்மேல் நாற்பத்தோரு குழாய்க் கிணறு.
தண்ணீருக்கு இல்லை.
என் வயதுள்ள குப்பைவரை இறங்கி
அது விடும் மூச்சை இழுக்கின்றன.
மெதுவாக இழுக்கவேண்டும்.
பேராசைப்பட்டால் வெளிக்காற்று உள்ளே புகுந்து
அடிவயிற்றில் தீப்பிடிக்கும்.
அணைக்க ஒரு மாதம்,
எழில்நகரில் இருமல் நிற்க ஒரு வருஷம்.
பதினேழாம் கிணறு சண்டிக்குதிரை,
அதன் வால்வை நான் மட்டும்தான் தொடுவேன்.

வாயு நனைந்துதான் வரும்.
முதல் தொட்டியில் தண்ணீரை வடித்தால்
ஷிஃப்டுக்கு மூன்று வாளி, டீத்தூள் நிறத்தில்.

அடுத்தது துருக் கோபுரம்.
எங்கள் ஜன்னல் கம்பியை, டிரம் வளையத்தை,
அப்பாவின் சைக்கிள் மட்கார்டை
எண்ணூர் உப்புக்காற்றோடு சேர்ந்து தின்ற அதே துரு.
இங்கே மரச்சீவலில் தடவி
மூட்டை மூட்டையாகக் காசு கொடுத்து வாங்குகிறோம்.
கந்தகத்தைக் கவ்விக் கவ்வி அது கறுக்கும்.
கோபுரத்தைத் திறக்கும் நாளில்
ஒபேது தண்ணீர்க் குழாயோடு நிற்பான்,
காற்றுப் பட்டதும் தானாகவே புகைய ஆரம்பிக்கும்.

கடைசித் தொட்டியில் கொட்டாங்குச்சிக் கரி.
எந்த வீட்டுச் சட்னிக்கு உடைத்ததோ,
எந்தப் புது வண்டியின் சக்கரத்துக்கு முன்னால் உடைத்ததோ.

போன ஐப்பசியில் பில் பாஸாகவில்லை,
கரி வந்து சேரவில்லை.
பழையதையே வைத்து ஓட்டினோம்.
பதினாறாம் நாள் எஞ்சின் இருமியது,
பிறகு நின்றது.
ஹெட்டைக் கழற்றினால்
பிஸ்டன்மேல் வெள்ளையாய் ஒரு பொருக்கு.
"மணல்" என்றார் மெக்கானிக் துரைக்கண்ணு.
"மணலா? இத்தனை ஃபில்டர் மாட்டியும் எப்படிண்ணே உள்ள வந்துச்சு?"
"மணலா வரல. ஷாம்பூவா வந்துச்சு."

ஒரு ரூபாய் பாக்கெட்டின் அடியில் ஒட்டியிருந்தது,
முடி வழவழக்கத் தடவியது,
கல்யாணத்தன்று அக்குளில் அடித்தது,
எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் வாயுவில் ஏறி
நெருப்பைப் பார்த்ததும்
கண்ணாடியாகிவிடுமாம்.

கொஞ்சம் சுரண்டி டீக்கடை ரசீதில் மடித்து
மூலக்கடையில் பார்லர் வைத்திருக்கும்
ரோஸ்லின் அக்காவிடம் காட்டினேன்.
இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தாள்.
"நல்லா நைஸா இருக்கே, ஸ்க்ரப்பா?
எந்தக் கம்பெனிடீ?"

நம்ம கம்பெனிதான்.

கரி வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு கிலோவாட்.
இந்தக் கரண்ட் யார் வீட்டுக்குப் போகிறது என்று
தெருவில் கேட்கிறார்கள்.
கம்பிக்குள் போனபின்
அதற்கு ஊர் பெயர் ஏது?
வாசலில் இட்லி விற்கும் சம்பூர்ணத்தின் பல்ப்
அன்று இரவும் இரண்டு முறை போய் வந்தது.

விடியலில் லாரி.
கறுத்த துருவும் தீர்ந்த கரியும்
பதினெட்டு டிரம்.
டிரைவர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டே கேட்டார்,
"இத்த எங்க கொட்டணும்?"
சீட்டை நீட்டினேன்.
ஊர் பெயரை இரண்டு தரம் படித்தார்.
"அங்கயும் மூக்கு இருக்கும்ல?"

ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு
மேட்டைச் சுற்றித் திரும்பியது வண்டி.
நான் நின்ற இடத்திலேயே
ஒரு தரம் ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தேன்.
அடித்தது.
உள்ளே போய் நோட்டில்
நேரத்தை எழுதினேன்.