வாய்ச்சத்தம்

முதுநகர் துறைமுகம், விடிகாலை மூன்றரை.
ஐஸ் உடைக்கும் எந்திரத்தின் அருகே
மைக்கை நீட்டி நிற்கிறாள் ஃபெலிசியா.
கனடாக்காரன் கேட்டிருக்கிறான்
எலும்பு மெல்லும் அரக்கனின் வாய்ச்சத்தம்,
வெள்ளிக்கிழமைக்குள்.

டயர்க்கடை மாடியில் இப்போது ஒன்பது பேர்.
போன வருடம் மூன்று.
ஏசி மட்டும் இன்னும் ஒன்றுதான்,
அதுவும் கணினிகளுக்கு.

கேம் வெளியான வாரம்
எந்திரம் ஓட்டும் தனவேலுவின் கையில்
ஃபோனைக் கொடுத்தாள்.
அரக்கன் மென்றான்.
கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர்
இன்னொரு தரம் வைக்கச் சொன்னார்.

"அன்னிக்கு பெல்ட்டு லூசும்மா.
மறுநாளே மாத்திட்டேன்.
வந்து புதுசா எடுத்துக்க."

சொல்ல வாயெடுத்தாள்.
அதற்குள் மத்தி வந்து இறங்கிவிட்டது,
எந்திரம்
வேறு குரலில்
தொடங்கியது.