தரவுக் களஞ்சியம்

மூன்றாம் முறையும் சிவப்பு.
"பொருந்தவில்லை" என்கிறது இயந்திரம்.
அழுத்தி வைங்கக்கா என்கிறேன். லேசா வைங்க என்கிறேன்.
தலையில் தேய்த்துவிட்டு வைங்க, எண்ணெய்ப்பசை ஏறட்டும் என்கிறேன்.
களஞ்சியம் சொன்னதையெல்லாம் செய்கிறாள்.
பத்து விரலும் பிறழ்சாட்சி.

பாம்பன் கடைத்தெருவில் எட்டுக்குப் பத்து அறை,
ஒரு கணினி, ஒரு பிரிண்டர், லேமினேஷன் சூட்டு நாற்றம்.
சேவை மையம் என்று பலகை சொல்கிறது.
அவள் சின்னப்பாலத்துக்காரி.
மாதத்தில் பன்னிரண்டு நாள், காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு
பாருக்குள் முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பவள்.
விரலுக்குத் துணி சுற்றித்தான் பறிப்பாள்.
துணி கிழிந்த பிறகும் பறிப்பாள்.
இருபத்தெட்டு வருடம்.
ரேகையைக் கல் பாதி தின்றது, உப்பு மீதி.

கண்ணைக் காட்டலாம் என்றால் அந்தக் கருவி வரவில்லை.
ஓ.டி.பி. மகன் நம்புராஜன் போனுக்குப் போகும்.
அவன் விசைப்படகில், தெற்கே எங்கோ,
இலங்கை டவர் வந்து நல்வரவு சொல்லும் தண்ணீரில்.
விதவைப் பணம் ஆயிரத்து இருநூறு
கண்ணாடித் தகட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

போனில் செய்தி வாசிக்கிறார்கள்:
கடன் செயலி நடத்தும் கம்பெனி ஒன்றின்
தரவுக் களஞ்சியம் கொள்ளை போனது.
"என்னய்யா, எம்பேரு வருது?"
உங்க பேரில்லைக்கா, என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.

அவள் பேரும் அதில் இருக்கிறது.
வலை வாங்க எட்டாயிரம் கடன் கேட்டு வந்தாளே, ஒரு வைகாசி,
பாசிக்குப் போகாத மாதம், கை ஆறித் தோல் துளிர்த்திருந்த மாதம்.
அன்று பதிந்தவன் நான்.
கோலம் போட்டாப்ல விழுந்திருக்குக்கா என்றவனும் நான்.
பதிவுக்குப் பதினைந்து ரூபாய் கமிஷன்.

கம்பெனி அறிக்கை விட்டிருக்கிறது.
"உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கவனம்."
திருட்டுப் போன மறுநாள்தான் எல்லோருக்கும் முதல் கவனம் வருகிறது.
"மிக நுட்பமான தாக்குதல்" என்றும் இருக்கிறது.
கடவுச்சொல் என்னவென்றால்
கம்பெனியின் பேரும், பின்னால் ஒன்று இரண்டு மூன்றும்.
கருவாட்டுக் கொட்டகைக்குக் கதவு வைக்காதவன்
பூனையின் நுட்பத்தைப் புகழ்கிறான்.

"பயனர்கள் உடனே கடவுச்சொல்லை மாற்றவும்."
மாற்றலாம்.
பூட்டை மாற்றலாம், சிம்மை மாற்றலாம், படகுக்குப் பேரைக்கூட மாற்றலாம்.
கட்டைவிரலை எங்கே போய் மாற்றுவது, ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டிலா?
எட்டாயிரம் கடனுக்கு விரல் எதற்கு என்று
அன்று நான் கேட்டிருக்க வேண்டும்.
வைத்திராத பொருளை எவனும் திருட முடியாது.
இது தெரிந்துகொள்ளப் பொறியியல் படிக்க வேண்டாம்,
படித்தவர்கள்தான் மறந்துவிட்டார்கள்.

அவளிடம் சொன்னேன், எனக்குத் தெரிந்த தமிழில்.
உங்க விரல் களவு போயிருச்சுக்கா.
எவனோ வாங்கியிருப்பான். அன்னைக்குப் பதிஞ்ச நல்ல விரல்.
அவன் வச்சா மெசின் திறக்கும்.

கையைத் திருப்பிப் பார்த்தாள். கோபமில்லை,
கணக்குப் போடுகிற முகம்.
"அவன்கிட்ட ஒருநா கேட்டு வாங்கித் தாய்யா.
பணத்தை எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துர்றேன்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

நாளைக்கு வத்தம் விடிய நாலு மணிக்கு என்று போய்விட்டாள்.
தகட்டைத் துடைத்தேன்.
கச்சான் காற்றில் கதவு அடித்துக்கொண்டே இருந்தது.
அடுத்து வந்தவர் ஐஸ் கம்பெனி முதலாளி,
போனில் பேசிக்கொண்டே, பார்க்காமலே விரலை வைத்தார்.
பச்சை.