தலைகீழ் எழுத்து

தார்த்து நகரத்து வார இதழுக்கு
அந்தக் கதையை
ஈயத்தில் எழுத்தெழுத்தாய்க் கோத்தவன்
வில்லெம்தான்.
எல்லாம் தலைகீழாய், கண்ணாடிக்குள் போல.
ஒரு காற்புள்ளி தேய்ந்திருந்தது, மாற்றினான்.
வேறொன்றும் நினைவில்லை அவனுக்கு.

ஞாயிறு. ஜன்னலில் உறைபனி.
அதே பக்கத்தை இரண்டாம் முறை
வாசிக்கிறாள் லெய்தா.
பால் தீய்ந்த வாடை அவளுக்கு எட்டவில்லை.
எழுந்துபோய் இறக்கிவைத்தவன் கேட்கிறான்:
'என்ன நடக்குது அதுல?'

'ஒண்ணுமில்ல.
புருஷனும் பொண்டாட்டியும்
டீ குடிக்கிறாங்க.'

'அவ்வளவுதானா?'
நகக்கண்ணில் அப்பிய மையைச் சுரண்டுகிறான்.

பிறகு
அவள் டீ ஊற்றுகிறாள்.
அவன் சர்க்கரைக் கிண்ணத்தை
அவள் பக்கம் நகர்த்துகிறான்,
சிந்தாமல், வெகு கவனமாக.

அவள் சர்க்கரையை விட்டுப்
பதினொரு வருஷமாகிறது.

ஒரு கரண்டி போட்டுக்கொள்கிறாள்.